யவனர் மதுவும் நம்மூர்த் துவர்ப்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் தொழில் விஷயமாக இத்தாலிக்குப் போய் வந்தார். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு மணி நேரம் ஆகுமாம். ரொட்டி, ஆலிவ் எண்ணெய், இறைச்சி, பக்கத்தில் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின். பெரியவர்கள், பெண்கள் எல்லாரும் ஒரே மேசையில். அந்த ஒரு கிளாஸ் கடைசிவரைக்கும் வருமாம். "ஒருத்தரும் தள்ளாடல சார், ஒருத்தரும் சத்தம் போடல. நமக்கும் இந்த ஒயினுக்கும் சம்பந்தமே கிடையாதா?" என்று கேட்டார்.

சம்பந்தம் உண்டு. இரண்டாயிரம் வருஷத்துச் சம்பந்தம். அதுவும் நம் பாலாற்றின் வழியாகவே உண்டு. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

*பாலாறு கடலில் சேரும் இடத்தில்*

கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், நம் வாலாஜா, காஞ்சிபுரம் என்று வரும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்று ஒரு சிற்றூர். 1970-ஐ ஒட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. இரட்டை உறைகிணறுகள், வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட ரூலெட் பானை ஓடுகள், அடி கூராக முடியும் கூம்பு வடிவச் சாடிகள் எல்லாம் கிடைத்தன. கடல் கடந்த வாணிபம் நடந்த இடத்தின் அடையாளங்கள் இவை.

கூம்புச் சாடி என்றால் என்ன? கிரேக்க, ரோமானியர்கள் ஒயின், எண்ணெய், மீன் ரசம் முதலியவற்றைக் கப்பலில் ஏற்றப் பயன்படுத்திய மண்சாடிக்கு ஆம்போரா என்று பெயர். குறுகிய கழுத்து, இரண்டு பக்கமும் காது, கீழே கூர்முனை. தரையில் நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவதற்காகவே அந்த வடிவம். ஒரு சாடியில் சுமார் 26 லிட்டர் பிடிக்கும். ஒயின் கசியாமல் இருக்க உள்பக்கம் மரப்பிசின் பூசுவார்கள். இராணிப்பேட்டையில் செய்த பீங்கான் ஊறுகாய் ஜாடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சூட்சுமம் எளிதில் புரியும். உள்ளே பளபளவென்று பூச்சு இல்லாத ஜாடியில் ஊறுகாய் நிற்குமா?

இந்தச் சாடிகள் மிக அதிகமாகப் பேசப்பட்ட இடம் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1930களிலேயே அந்த மேட்டின் பெருமையை எடுத்துச் சொன்னார். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ஆம்போராவின் துண்டைக் கண்டார். எங்கே கிடைத்தது என்று விசாரித்தபோது பாண்டிச்சேரிப் பக்கம் என்றார்கள். 1945-ல் அவரே அரிக்கமேட்டில் குழி தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தில் செய்த சிவப்புப் பளபளப்புப் பாத்திரங்களின் துண்டுகளும் ஆம்போரா ஓடுகளும் கிடைத்தன. அரெஸ்ஸோவில் அந்தப் பாத்திரங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஏற்கெனவே தெரிந்திருந்ததால், தென்னிந்தியப் பானை ஓடுகளுக்குக் காலக்கணக்குப் போட முதல்முறையாக ஒரு பிடிமானம் கிடைத்தது.

பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடியும் அகழாய்வு நடந்தது. ஆம்போரா ஓடுகளை எலிசபெத் வில் என்ற அமெரிக்க அம்மையார் ஆராய்ந்தார். பெரும்பாலானவை ஒயின் சாடிகள். அவற்றிலும் அதிகம் ஏஜியன் கடலில் உள்ள கோஸ் தீவின் வகை. கடல் நீர் கொஞ்சம் கலந்து செய்யும் ஒயினுக்குப் பெயர் போன தீவு அது. வெசூவியஸ் எரிமலை இருக்கும் நேப்பிள்ஸ் பக்கத்துச் சாடிகளும் வந்திருக்கின்றன. எரிமலைக் கருமணல் அந்த மண்ணில் கலந்திருப்பதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.

வைகை முகத்தில் அழகன்குளம், கேரளத்தில் பெரியாற்றுப் பக்கம் பட்டணம் ஆகிய இடங்களிலும் ஆம்போரா ஓடுகள் கிடைத்துள்ளன. 2007-ல் தொடங்கிய பட்டணம் அகழாய்வில் மட்டும் ஆயிரக்கணக்கில்.

*என்ன கொடுத்து என்ன வாங்கினார்கள்?*

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கையேட்டில் சரக்குப் பட்டியலே இருக்கிறது. குஜராத்தின் பரிகாசா (இன்றைய பரூச்) துறைமுகத்துக்கு ஒயின் போகிறது. அதிலும் இத்தாலி ஒயினுக்குத்தான் முதலிடம். முசிறிக்கும் ஒயின் வருகிறது, ஆனால் அளவு அதிகமில்லை என்று அந்த மாலுமியே எழுதுகிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஊர் முழுக்கக் குடிக்க வந்த சரக்கு அல்ல. அரண்மனைக்கும் பணக்கார வணிகர்களுக்கும் இங்கே தங்கியிருந்த அயல்நாட்டவருக்கும் வந்த அருமைப் பொருள்.

பதிலுக்கு இங்கிருந்து போனதில் முக்கியம் மிளகு. ரோமானிய அறிஞர் பிளினி, "காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது, இதற்குப் போய் இத்தனை ஆசையா" என்ற பொருளில் அலுத்துக்கொள்கிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்றும் புலம்புகிறார். ஆனால் அபிசியஸ் பெயரில் உள்ள ரோமானியச் சமையல் நூலைத் திறந்தால், தேனும் மிளகும் சேர்த்த ஒயின் செய்முறைதான் முதலில் நிற்கிறது! அவர்கள் ஒயின் நம் நாட்டுக்கு வந்தது, நம் மிளகு அவர்கள் ஒயினுக்குள்ளேயே போனது.

*புறநானூற்றின் சாட்சி*

மண்ணுக்குள் இருந்து சாடி வெளிவருவதற்கு 51 ஆண்டு முன்பே, 1894-ல், உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டுவிட்டார். அதில் 56-ஆம் பாட்டு. நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி வளையணிந்த மகளிர் நாள்தோறும் ஊட்ட, நீ மகிழ்ந்து இனிது வாழ்வாயாக என்பது கருத்து. அந்த மது எதில் வந்தது என்பதற்குப் பழைய உரைகாரர் 'குப்பி' என்றே பொருள் எழுதியிருக்கிறார். அரிக்கமேட்டுச் சாடியை அவர் பார்த்ததில்லை!

இதில் என்னை யோசிக்க வைப்பது 'தேறல்' என்ற சொல். தேறுதல் என்றால் தெளிதல். தெளிந்த மது தேறல். அயல்நாட்டுச் சரக்குக்கு அயல்நாட்டுப் பெயரைப் புலவர் தேடவில்லை. தன் வீட்டுச் சொல்லையே கொடுத்தார். காரணம், கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு என்று மதுவைக் குறிக்கும் சொற்கள் அவருக்குக் கைவசம் ஏராளமாக இருந்தன. யவன மது வந்து சேர்ந்தது ஏற்கெனவே மதுவை அறிந்த ஒரு விருந்துக்குள்.

*அந்த விருந்து எப்படி இருந்தது?*

இதற்கு நாம் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், 583 அடிகள். பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல். எந்த மலையில் எந்த ஊர் வரும், அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

மூங்கில் குழாய்க்குள் ஊற்றி முதிரவைத்த தேன் மது அங்கே உண்டு. காலையில் நெல்லில் செய்த நறவும் உண்டு. ஆனால் அதோடு விடவில்லை. நேற்றைய மயக்கம் தெளிய என்ன சாப்பிட வேண்டும் என்பதற்கும் ஒரு பெரிய பட்டியல் வருகிறது. அருவி அடித்துக்கொண்டு வந்த பலாப்பழத்தின் கொட்டை, கடமான் இறைச்சி, முள்ளம்பன்றியின் கொழுப்புத் துண்டு, புளி, மோர், மூங்கிலரிசிச் சோறு. எண்ணிப் பாருங்கள். மாவு, கொழுப்பு, புளிப்பு எல்லாம் வந்துவிட்டன. சமைத்துப் போடுவது வழிப்போக்கனுக்கு, அதுவும் மலைவாழ் குடும்பம் தன் வீட்டில் உட்காரவைத்து.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்து இன்னும் வேடிக்கை. இரவும் பகலும் இறைச்சி தின்று தின்று, கொல்லை உழுத கொழு தேய்வதுபோல் தன் பல்லே தேய்ந்துபோனதாகப் பொருநன் சொல்கிறான். ஒளவையாரோ, இறந்துபோன அதியமானை நினைத்து அழும்போது முதலில் நினைவுகூர்வது அவன் மதுவைப் பகிர்ந்த முறையை. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து மகிழ்வான் என்கிறார். ஒரு பெண் புலவர், ஒரு அரசனின் சாவுப் பாட்டில், வெட்கம் இல்லாமல் சொன்ன சொல். அடுத்த வரிகளில் சோற்றையும் அப்படியே பங்கிட்டான் என்று சொல்கிறார்.

இந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: மது சோற்றோடு வந்தது. உறவோடு வந்தது. தனியாக வரவில்லை.

ரோமானியர்களும் கிட்டத்தட்ட இதே கட்சிதான். அவர்கள் ஒயினைத் தண்ணீர் கலந்தே குடித்தார்கள். கலக்காமல் குடிப்பவனை நாகரிகம் தெரியாதவன் என்றார்கள்.

*துவர்ப்பு: நமக்குத் தெரிந்த சங்கதி*

இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் பொருந்துகிறது என்கிறார்களே, ஏன்? இதை வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்குவது மிக எளிது.

வெள்ளை ஒயினுக்குத் திராட்சைச் சாற்றை மட்டும் பிழிந்து புளிக்க வைப்பார்கள். சிவப்பு ஒயினுக்குக் கருந்திராட்சையின் தோலும் கொட்டையும் சேர்ந்தே புளிக்கும். தோலிலிருந்து நிறம் இறங்கும். கூடவே டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இறங்கும். டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் குணமுடையது. வாயில் உள்ள உமிழ்நீரின் புரதத்தைப் பிடிப்பதால்தான் நாக்கு வறண்டு இழுப்பதுபோல் இருக்கிறது. கூடவே கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சியைத் தின்றால் டானின் அதன்மேல் போய்விடுகிறது. ஒயினின் துவர்ப்பு தணிகிறது, இறைச்சியின் திகட்டலும் தணிகிறது.

இதே டானின்தான் நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது! ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருப்பது அதே துவர்ப்புத்தான். பட்டையை ஊறவைத்த தொட்டியில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் போட்டால், டானின் தோலின் புரதத்தைப் பிடித்து, அழுகவிடாமல் பதப்படுத்துகிறது. குரோமியம் வருவதற்கு முன் நம் டேனரிகளின் வேலை இதுதான். 'ஈ.ஐ. லெதர்' என்று உலகம் அறிந்த அந்தத் தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தமிழ் இதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. துவர் என்றால் ஒரு சுவை, துவர் என்றால் சிவப்பு நிறமும். துறவிகள் உடுத்திய காவியைத் துவராடை என்றார்கள். சிவப்பும் துவர்ப்பும் சேர்ந்திருப்பதை நம் முன்னோர் ஒயினில் கற்கவில்லை, பட்டையிலும் பாக்கிலும் கற்றார்கள். விருந்து முடிந்ததும் வெற்றிலை பாக்கு வைக்கிறோமே, கொழுப்பும் இனிப்பும் தின்ற வாயைத் துவர்ப்பால் கழுவும் அதே கணக்குத்தான். ஆம்பூர் பிரியாணிக்குப் புளிப்பேறிய கத்திரிக்காயை ஜோடி சேர்த்தவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். பிரியாணி சமைக்கும் அந்த வீடுகளில் பலவற்றின் வாசலுக்குள்ளேயே மது நுழைந்ததில்லை. நல்ல சாப்பாட்டுக்கு ஜோடி வேண்டும். அது மதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

*சோற்றிலிருந்து மது எப்போது பிரிந்தது?*

வள்ளுவர் 'கள்ளுண்ணாமை'க்கு ஓர் அதிகாரமே கொடுத்தார். அதைப் பொருட்பாலில் வைத்தார். குடி என்பது ஒழுக்கச் சிக்கல் மட்டுமல்ல, பொருள் சிக்கலும்கூட என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. புறநானூறும் நம்முடையது, குறளும் நம்முடையது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

ஆனால் பெரிய மாற்றம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1886-ல் சென்னை அப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயத்துக்கு உரிமம். ஏலம் எடுத்தவருக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும். அரசுக்கு வருமானம் ஏற வேண்டும். ஆக, எவ்வளவு விற்கிறது என்பது மட்டுமே கணக்கு. வீட்டிலும் விழாவிலும் இருந்த பானம் கடைக்குப் போனது. கடையில் இலை கிடையாது, பெண்களும் பெரியவர்களும் கிடையாது. நின்றபடி குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1938-ல் சித்தூர், கடப்பை. 1939-ல் நம் வட ஆற்காடு. ஆம், மாகாணத்தில் முதலில் கள்ளுக்கடை மூடிய நான்கு மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. இழந்த வருமானத்தை ஈடுகட்ட அதே 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். பிறகு வந்த அரசுகளில் மதுவும் திரும்பி வந்தது, விற்பனை வரியும் போகவில்லை! 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி விலக்கு, 1981-ல் மறுபடி கடை, 1983-ல் டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையும் அரசிடமே.

இன்றும் ஜனங்கள் அந்தக் கடையை 'ஒயின்ஷாப்' என்றுதான் சொல்கிறார்கள். போய்ப் பாருங்கள், ஒயினைத் தவிர மற்றதெல்லாம் அடுக்கியிருக்கும். பெயரில் மட்டும் யவனர் மிச்சம்.

நான் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். சத்துணவு மணிக்கு முன்பே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்த்திருக்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்: "அப்பா நேத்து கூலி வாங்கிட்டு வரல சார்." கூலி எங்கே போனது என்று எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். மலைபடுகடாத்தில் மது சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. என் வகுப்பறையில் அது பிள்ளையின் சோற்றையே தின்றுவிட்டு வந்தது. சங்க இலக்கியத்தைக் காட்டி இன்றைய குடிக்குப் பெருமை பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் பேசுகிறார்கள்.

*நம் பக்கத்தில் மிச்சமிருப்பது*

அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவார்கள். கருந்திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் பட்டை, கிராம்பு. பீங்கான் ஜாடியில் போட்டுத் துணி கட்டி, வாரக்கணக்கில் வைத்து வடிகட்டுவார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டில் கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸில் கொடுத்தார்கள். இனிப்பு, பின்னால் லேசான துவர்ப்பு. பாட்டி முதல் பேரன் வரை சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பேரனுக்கு மட்டும் கேக். ஜாடி மறுபடி அடுத்த டிசம்பருக்குத்தான் இறங்கும் என்றார்கள்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்பில் சுமார் 85 விழுக்காடு அதுதான். ஒயினுக்கும் ஏற்ற ரகம். நம் சந்தையில் கூடையில் வரும் கருந்திராட்சையின் தோலை மெதுவாக மென்று பாருங்கள். நான் மேலே சொன்ன துவர்ப்பு என்னவென்று நாக்கே சொல்லிவிடும். அதற்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஒரு கிளாஸ் ஒயின் உடம்புக்கு நல்லது என்று கிளம்பிவிட வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர் குடிக்காமலே இருங்கள். குடித்தே ஆவேன் என்பவர் மட்டும் செங்கத்து மலைக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டில் எல்லார் இலையிலும் சோறு விழுந்ததா என்று பாருங்கள்.

என் மாணவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தம்பி, இத்தாலிக்காரன் மேசையில் நீ பார்த்து வியந்தது ஒயினை அல்ல, அந்த இரண்டு மணி நேரத்தை. குடும்பமாக உட்கார்ந்து, பேசி, பங்கிட்டுச் சாப்பிடும் பழக்கத்தை. அது நம்மிடம் இருந்தது, பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர ஒயின் தேவையில்லை.

வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளைச் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கும் அரிக்கமேட்டுக்கும் அழைத்துப் போங்கள். அப்படியே பாலாற்றங்கரையில் கூர்முனையுள்ள பழைய பானை ஓடு எதையாவது பார்த்தால் எடுத்து வீசிவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு, 1856-ல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோட்டுக்கு வந்த தென்னிந்தியாவின் முதல் ரயிலைப் பற்றி எழுதுகிறேன்.


— ஓய்வுபெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை